இரண்டு கஜம் துணி, ஏழு பொத்தான்

போன மாதம் ஒரு ரவிக்கை தைத்து முடித்தேன். சேலைக்குப் போடுவது இல்லை, பாவாடைக்கும் கால்சட்டைக்கும் மேலே போடுகிற, முன்பக்கம் பொத்தான் வைத்த பிளவுஸ். அம்மா அதைச் சட்டை என்கிறார், அக்கா மகள் டாப் என்கிறாள், நான் ரவிக்கை என்றே சொல்கிறேன், ஏனென்றால் துணி பாட்டியுடையது, பாட்டி வாயில் வேறு சொல் வந்ததில்லை. பொத்தானும் பாட்டியுடையதுதான். நூல் மட்டும் நான் வாங்கினேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கிற சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேர ஓட்டம். வெளியூர்க்காரர்களுக்கு 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அந்த ஊர்; கொஞ்சம் அரசியல் பேசுகிறவர்களுக்கு, அமைச்சராக இருந்த ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் ஊர். பாட்டிக்கு அது சம்பள நாளில் சாமான் வாங்க லாரி ஏறி வரும் கடைத்தெரு, அவ்வளவுதான். பாட்டி ரப்பர் பால் வெட்டிய தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, அப்புறம் மனை போட்டு விற்று, இப்போது லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று கேட்டால் அம்மா ஒரு கார் கழுவும் கடையைக் காட்டுகிறார்.

பாட்டி போன பிறகு அவருடைய தகரப் பெட்டியை அம்மா நாலு வருஷம் திறக்கவே இல்லை. போன தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் பொருள்களை நகர்த்தியபோதுதான் திறந்தோம். மேலே இரண்டு வெள்ளைச் சேலை, தாத்தாவின் வேட்டி ஒன்று, நடுவில் பழைய பத்திரிகைத் தாள், அதற்கும் கீழே வெட்டாத ஒரு பூத்துணி. தந்த நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சங்குப்பூ நீலத்தில் பூ. ஒரு மூலையில் விலைச்சீட்டைக் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்துத் துணியோடு ஒட்டியிருந்தது.

அம்மாவுக்குப் பார்த்தவுடன் ஞாபகம் வந்துவிட்டது. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வரும் வங்காளியிடம் (பஞ்சாபிக்காரரை நம் ஆட்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்) 1967 தீபாவளிக்குத் தவணையில் வாங்கியது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாத்தா தவறிவிட்டார். அதற்குப் பிறகு பாட்டி பூப்போட்ட ரவிக்கை போட்டதில்லை. சரி, போடவில்லை, ஆனால் மகள்களுக்காவது தைத்துக் கொடுத்திருக்கலாமே, வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டிய காலம் அது. "நாங்க கேட்டோம், கொடுக்கல" என்றார் அம்மா. கோபம் இல்லாமல்தான் சொன்னார், ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கேட்டது மறக்கவில்லை.

எனக்கு வேண்டுமா என்று அம்மா கேட்கவில்லை. கையில் கொடுத்துவிட்டு, "அப்படியே வெச்சிருக்காதே" என்றார்.

தையலில் நான் பெரிய ஆள் கிடையாது. அம்மாவிடம் பாதி, பக்கத்துக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகத் தைக்கும் ஓர் அக்காவிடம் மீதி என்று கற்றுக்கொண்டது. பழைய துணியைத் தொடும் முன் அது என்ன துணி என்று தெரிய வேண்டும் என்பது அந்த அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரிந்த வாடை, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பல், ஆக சுத்தமான பருத்தி. பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு ஓரத்தில் கறுப்பு மணியாகக் கட்டியிருக்கும். கரையில் மங்கலாக ஆங்கிலத்தில் சான்ஃபரைஸ்டு என்று முத்திரை. சான்ஃபோர்ட் கிளூயட் என்ற அமெரிக்கர் 1930இல் காப்புரிமை வாங்கிய முறை அது, துணியை ஆலையிலேயே ஈரப்படுத்தி அழுத்திச் சுருக்கிவிடுவார்கள், அப்புறம் துவைத்தால் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்காது. வங்காளி நல்ல சரக்குதான் கொடுத்திருக்கிறார். அகலம் 36 அங்குலம். இப்போது கடையில் 44, 45 அகலத்துக்குக் குறைந்து கிடைப்பது அரிது, அதனால் இந்தக் காலத்து அளவு வரைபடம் எதுவும் இதற்குப் பொருந்தாது. நீளம் இரண்டு கஜம், மேலே ஒரு சாண்கூட இல்லை.

முதலில் ஊறப் போட்டேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது, மூன்று முறை மாற்றிய பிறகுதான் தெளிந்தது. புதுத்துணியின் கஞ்சிப் பசையை எடுக்காமல் நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டியில் வைத்தால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி, எப்படித் தப்பியது என்றே தெரியவில்லை, பாட்டி அந்துருண்டையை அள்ளித்தான் போட்டிருக்க வேண்டும், அந்த வாடை ரவிக்கை தைத்து முடிக்கும்வரை போகவில்லை. குண்டூசித் துருவுக்கு கிளோரின் சலவைநீர் போடவே கூடாது, கறை இன்னும் கெட்டியாகும், பழைய பருத்தியும் நைந்துபோகும். லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை இரண்டு பிழிந்து, உப்பு தூவி, வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். போகவில்லை, வெளுத்தது. அது போதும்.

காய்ந்ததும் நூல் நேராக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தேன். டர்ரென்று ஒரு சத்தம். நடு மடிப்பில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

எனக்கு என் மேலேயே கோபம். பட்டுச்சேலையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பு மாற்றி மடிக்கிற வீடு எங்களுடையது, ஜரிகை மடிப்பில் ஒடியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பருத்தியும் அப்படித்தான், ஒரே மடிப்பில் மேலே பாரம் வைத்து ஐம்பது வருஷம் இருந்தால் அந்தக் கோட்டில் இருக்கிற இழை எல்லாம் உள்ளுக்குள் ஒடிந்து, பார்க்க முழுசாக, தொட்டால் போகிற மாதிரி நிற்கும். இந்தத் துணி நீளவாக்கில் இரண்டாக மடித்து வைத்தது, அதாவது ஒரு கரையிலிருந்து 18 அங்குலத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அந்த ஒடிந்த கோடு. வழக்கம்போல மடிப்பின் மேல் முதுகுத்துண்டை வைத்து வெட்டியிருந்தால் ரவிக்கை போட்டுக் கொண்டு குனிந்த முதல் நாளே முதுகு பிளந்திருக்கும்.

தையல்கார அக்காவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பின்னால் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போடலாமா என்று நான் கேட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை. "ஏம்மா, கெட்டுப்போனது அந்தக் கோடுதானே, அதுலயே வெட்டிடு. முன்பக்கத் திறப்பை அங்க வெச்சுக்க, முதுகுல ஒரு தையல் போட்டுக்க. முடிஞ்சது லா" என்றார்.

இந்த ரவிக்கைக்கு முன்பக்கம் பொத்தான் வந்த கதை இதுதான். நான் நினைத்து வைத்திருந்தது பின்பக்கம் ஊக்கு வைத்த, கழுத்தில் சின்ன காலர் வைத்த ஒன்று. துணி அதற்குச் சம்மதிக்கவில்லை.

கோட்டோடு வெட்டியதும் 18 அங்குல அகலத்தில், 72 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் முன்துண்டு ஒன்று 24, பின்துண்டு ஒன்று 24, கை ஒன்று 12, ஆக 60 போனால் 12 மிச்சம், அதில் காலரும் பட்டியும். தாளில் கணக்குப் போட்டபோது அவ்வளவு அழகாக இருந்தது. வெட்டும்போது இரண்டு பட்டையையும் முகத்தோடு முகம் சேர்த்து வைத்து ஒன்றாக வெட்ட வேண்டும், அப்போதுதான் இடது வலது சரியாக வரும். முன்துண்டு பின்துண்டு எல்லாம் அப்படித்தான் வெட்டினேன். கைக்கு வரும்போது மணி பதினொன்று, தூக்கம், பட்டைகளைத் தனித்தனியாக விரித்து வைத்துவிட்டேன். இரண்டும் வலது கை.

தையல் கற்றவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள், ஆனால் கடையில் இன்னும் அரை கஜம் வாங்கிக்கொள்ள முடியாத துணியில் செய்கிறபோது வயிறு கலங்குகிறது. மிச்சம் இருந்த 12 அங்குலத்தில் ஓர் இடது கை வெட்டினேன். காலர் போய்விட்டது. பொத்தான் பட்டிக்கு உள்ளே வைக்க தாத்தா வேட்டியிலிருந்து ஒரு கீற்று எடுத்தேன், அதுவும் நைந்த பருத்திதான், இரண்டும் ஒன்றுக்கொன்று இழுக்காமல் படிந்தன. நூல் மட்டும் புதுப் பருத்தி நூல். பாலியெஸ்டர் நூல் கெட்டி என்று பலர் அதையே போடுகிறார்கள், பழைய துணிக்கு அந்தக் கெட்டிதான் ஆபத்து, இழுபடும்போது நூல் அறுவதற்குப் பதிலாகத் துணியை அறுத்துவிடும். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம்.

மிஷின் அம்மாவின் மிதி மிஷின், சிங்கர் 15கே. கடைசியில் உள்ள அந்தக் கே, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் கில்போவி ஆலையைக் குறிக்கும், அந்த ஆலையை 1980இல் மூடிவிட்டார்கள், மிஷின் இன்னும் ஓடுகிறது. ஆனால் அதற்கு நேர்த்தையல் மட்டும்தான் தெரியும். ஆகவே காஜா, அதாவது பொத்தான் நுழையும் துளை, கையால் எடுக்க வேண்டும்.

அதற்கு முன் பொத்தான்.

பாட்டியின் பொத்தான் டின் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். பழைய பிஸ்கட் டின், மூடி திறக்கக் கரண்டிக்காம்பு வேண்டும். எந்தச் சட்டையும் தரை துடைக்கும் துணியாக மாறும் முன் பாட்டியிடம் போகும், அவர் பொத்தானை எல்லாம் வெட்டி எடுத்து, ஒரு சட்டையின் பொத்தான்களை ஒரே நூலில் கோத்து முடிச்சுப் போட்டு டின்னில் போடுவார். சின்ன வயதில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததற்கு ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஜப்பான்காரன் காலத்தில் பாட்டிக்குப் பத்து வயசு. துணி வரத்து நின்றுபோய்த் தோட்டத்தில் சனங்கள் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம், ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் ஒரு முழம் துணி கிடைக்காது. "சாக்கு உடம்பை அறுக்கும், வேர்த்தா இன்னும் அறுக்கும்" என்பார், அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் இதே மாதிரிப் பொத்தானை அட்டையில் குத்தி விண்டேஜ் என்று எழுதி, ஆறு பொத்தான் 15 வெள்ளி (ரிங்கிட்) என்று விற்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டி டின்னைத் திறக்கும்போது அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

டின்னைக் கவிழ்த்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பிரித்தேன். பெரும்பாலும் பிளாஸ்டிக். தடித்த பழுப்புப் பொத்தான் மூன்று, கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் ஆஸ்பத்திரி மருந்து மாதிரி ஒரு காரமான வாடை, அது பேக்கலைட் என்கிற பழைய காலத்துப் பிளாஸ்டிக். நூலில் கோத்த ஒரு கொத்து மட்டும் தனியாகக் கனத்தது. ஏழு பொத்தான், நாலு துளை, வெள்ளை. பல்லில் வைத்தால் சில்லென்று இருந்தது, மெல்ல உரசினால் நறநறத்தது, திருப்பிப் பார்த்தால் முதுகில் பழுப்பும் பச்சையுமாக ஓட்டின் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அசல் சிப்பி. பிளாஸ்டிக்கில் முன்னும் பின்னும் ஒரே முகம்தான் இருக்கும். 1950களில் பாலியெஸ்டர் பொத்தான் வந்து சிப்பியை ஓரங்கட்டும்வரை சட்டைக்கு இதுதான் வழக்கம். பொத்தான் அளவை லைன் கணக்கில் சொல்வார்கள், 40 லைன் ஓர் அங்குலம், இவை 18 லைன், அதாவது 11 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல், ஆண்கள் சட்டைக்கு வைக்கிற அளவு. தாத்தாவின் சட்டையாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு நிச்சயமில்லை. (மலாய் தெரிந்தவர்களுக்கு: ஆமாம், சிப்புட் ஊரில் சிப்பிப் பொத்தான். நத்தை ஆறு என்றுதானே எங்கள் ஊருக்குப் பெயர். இந்தச் சிரிப்பை வீட்டில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை.)

இங்கேயும் ஒரு வேலை செய்தேன். ஒரு பொத்தானின் துளையில் துரு இருந்தது. துணிக்குப் பலித்த லிமாவ் இதற்கும் பலிக்கும் என்று கிண்ணத்தில் சாற்றை ஊற்றிப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனேன். திரும்பி வந்தால் பொத்தானைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி. சிப்பி என்பது சுண்ணாம்புதானே, புளிப்பு பட்டால் கரையும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கை வேலை செய்யும்போது தலை வேலை செய்யவில்லை. துரு போனது, பளபளப்பும் போனது, சாக்பீஸ் துண்டு மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஏழாவது, கடைசிப் பொத்தானாகக் கீழே வைத்தேன், பாவாடைக்குள் செருகினால் தெரியாது.

காஜா எடுக்க நாலு ராத்திரி ஆனது. ஆண்கள் சட்டையில் காஜா செங்குத்தாக இருக்கும், ஆனால் உடம்போடு பிடித்து நிற்கிற ரவிக்கைக்குப் படுக்கைவாக்கில்தான் எடுக்க வேண்டும், இழுபடும்போது பொத்தான் போய் முனையில் நின்றுகொள்ளும், திறக்காது. பொத்தானின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்டினால் காஜாவின் நீளம், எனக்கு 14 மில்லிமீட்டர் வந்தது. கோடு போட்டு, சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்ட பிறகு நடுவில் வெட்டி, இழை பிரியாமல் ஓரத்தைச் சுற்றி, அதன் மேல் ஒவ்வொரு தையலிலும் நூலைக் கண்ணிக்குள் விட்டு முடிச்சு வெட்டின விளிம்பில் விழும்படி இழுக்க வேண்டும். நூலை முன்னாலேயே மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்துக்கொண்டால் சிக்காது. முதல் காஜா புழு மாதிரி இருந்தது, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது எடுக்கும்போது மின்சாரம் போய்விட்டது, நான் பிடிவாதமாகக் கைப்பேசி வெளிச்சத்தில் முடித்தேன். நாலாவதிலிருந்து கை படிந்துவிட்டது. ஏழும் முடிந்த பிறகு முதலாவதைப் பிரித்துத் திரும்ப எடுத்தேன்.

பொத்தான் தைக்கும்போது பொத்தானுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து அதையும் சேர்த்துத் தைத்துவிட்டு, குச்சியை உருவி, தளர்ந்த நூலைப் பொத்தானுக்கு அடியில் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினால் சின்னதாக ஒரு காம்பு நிற்கும். காம்பு இல்லாமல் ஒட்டத் தைத்தால் காஜா சுருங்கிக்கொண்டு நிற்கும். தீக்குச்சிக்கு சாமி அறைக்குத்தான் போக வேண்டியிருந்தது, இப்போது வேறு எங்கே தீப்பெட்டி இருக்கிறது. துருக்கறை இருந்த மூலை, எப்படி விழுந்ததென்று தெரியாது, சரியாக இடதுபக்கப் பட்டியில் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் வந்தது. பூட்டினால் மறைந்துவிடும். திறந்தால் மாநிறத்தில் ஒரு புள்ளி.

வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே ரவிக்கையைப் பார்த்தார், அப்புறம் "கழட்டிக் கொடு" என்றார். அறைக்குள் போய் அம்மாவின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு, ரவிக்கையை உள்வெளியாகத் திருப்பினார். பக்கத்தையலில் விரலை ஓட்டி, "உள்ள எவ்வளவு விட்டிருக்கே?" என்று கேட்டார். முக்கால் அங்குலம் என்றேன். தலையாட்டினார், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடலாம். முதுகுத் தையலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேட்டித்துணிப் பட்டியைக் கொஞ்ச நேரம் விரலில் பிடித்துக்கொண்டிருந்தார், அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் பொத்தான் ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்த்தார். சாக்பீஸ் பொத்தானைத் தாண்டிப் போய்விட்டார், கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தேன். ரவிக்கையை மடித்து, நான் மடிக்கிற மாதிரி நடுவில் இல்லாமல் மூன்றாக மடித்து, என் மடியில் வைத்தார்.

"மூணாவது காஜாவைப் பிரிச்சிட்டு எடு. இருட்டுல எடுத்தியா?" என்றார்.

இன்னும் எடுக்கவில்லை. இந்த வாரம் எடுக்க வேண்டும்.